பாத்திரம் துடைக்க ஈரிழைத் துண்டை அடிக்க ஆளில்லை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். கழுவிய பாத்திரத்தைத் துடைக்க நல்ல பருத்தி ஈரிழைத் துண்டு ஒன்றை வாங்கி, மூன்றாக வெட்டி, ஓரம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். 'கிச்சன் டவல்' என்று பெயர் போட்டு, எலுமிச்சம்பழமும் கோழிக்குஞ்சும் அச்சடித்து விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை இதற்குப் பக்கத்தில்கூட வராது. கண்ணாடி டம்ளர் மட்டும் வேறு கதை.

கூடையில் கவிழ்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும், இதற்குப் போய் துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சுத்தம் என்ற கணக்கில் பார்த்தால் காற்றில் காயவிடுவதுதான் நல்லது, அமெரிக்காவில் உணவகங்களுக்கான மாதிரி விதிமுறையே கழுவிய பாத்திரத்தைத் துணியால் துடைக்காதே, காற்றில் உலரவிடு என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் வீட்டில் நம் ஊர் போர் தண்ணீர் வருவதில்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரை மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள், விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம், உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, அதில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் போக இடமில்லாமல் பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் அது துணியோடு போய்விடும். காய்ந்த பிறகு எலுமிச்சைத் தோலோ வினிகரோ வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரும்புத் தோசைக்கல், வாணலி, அரிவாள்மனை இதெல்லாம் துடைக்காவிட்டால் துருப் பிடிக்கும். பித்தளையும் செம்பும் தண்ணீர் நின்ற இடமெல்லாம் கறுத்துப்போகும். ஆக எல்லாப் பாத்திரத்தையும் துடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, துடைக்க வேண்டியதை ஒழுங்கான துணியால் துடையுங்கள் என்கிறேன்.

இப்போது ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

தேங்காய்ப்பூத் துண்டு. பெரும்பாலான வீடுகளில் குளிக்கப் பயன்படுத்திப் பழசானதும் சமையலறைக்குப் பதவி இறக்கம் பெறுவது இதுதான். மொத்தமாக, மெத்தென்று இருப்பதால் நிறையத் தண்ணீரை இழுக்கும் என்று தோன்றும், இழுக்கவும் செய்யும். பிரச்சினை அதற்கப்புறம்தான். அந்தச் சின்னச் சின்ன நூல் வளையங்கள் முள்கரண்டி, தேங்காய்த் துருவி, முறுக்கு அச்சு என்று எதில் பட்டாலும் மாட்டிக்கொண்டு இழுபடும். புதிதாக இருக்கும்போது பஞ்சு உதிர்ந்து டம்ளர் உள்ளே ஒட்டும், அதை விரலால் வழித்து எடுத்துவிட்டுக் காபி ஊற்ற வேண்டும். ஒரு தடவை நனைந்தால் சீக்கிரம் காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் சமையலறைக் கம்பியில் தொங்கவிட்டுப் பாருங்கள், மறுநாள் அந்தப் பக்கம் போகும்போதே மூக்கு சொல்லிவிடும். மேடை துடைக்க, கை துடைக்க இருக்கட்டும். தட்டுக்கும் டம்ளருக்கும் வேண்டாம்.

அடுத்து இந்தப் படம் போட்ட கிச்சன் டவல்கள். கரூரிலிருந்து வெளிநாட்டுக்கு மேஜைத் துணி, ஏப்ரன், சூடு தாங்கும் கையுறை, கிச்சன் டவல் எல்லாம் வண்டி வண்டியாகப் போகிறது, அதில் மிஞ்சியது இங்கே எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற பெயரில் கிடைக்கும். சில துணிகள் தங்கமானவை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? துண்டைத் திருப்பிப் பாருங்கள். கட்டமோ கோடோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தைரியமாக எடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் படம் பளபளவென்று இருந்து, விரலால் தடவினால் லேசாகப் பிளாஸ்டிக் தடவியது போல வழுக்கினால் வைத்துவிடுங்கள். அந்தச் சாயத்தைத் துணியில் ஒட்டவைக்க ஒரு பசை சேர்ப்பார்கள், அது நூலுக்கு மேல் ஒரு தோல் மாதிரி படிந்துவிடும். தண்ணீர் உள்ளே போக வழி இருக்காது. துடைக்கத் துடைக்கத் தண்ணீர் தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமே தவிர துணிக்குள் போகாது. ஆன்லைனில் இப்படி ஒரு செட் வாங்கினேன், போதாக்குறைக்குச் சாயமும் போனது, மோர் டம்ளரைத் துடைத்தால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. கடை பேரெல்லாம் வேண்டாம், அந்தப் படத்தோடு ஏழெட்டுப் பெயரில் அதே துணி விற்கிறது.

தேன்கூடு மாதிரிக் குழி குழியாக நெய்த வாஃபிள் துண்டு நல்ல பொருள், மறுக்க மாட்டேன். குழிகளில் தண்ணீர் தங்கும், மேற்பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் காயவும் செய்யும், பஞ்சு உதிர்வது குறைவு. இரண்டே குறை. முதல் துவையலிலேயே நன்றாகச் சுருங்கும், அதனால் தேவைக்குப் பெரிதாகவே வாங்க வேண்டும். இன்னொன்று விலை. அந்த ஒரு துண்டின் விலைக்கு நம்ம ஊர்த் துண்டு இரண்டு மூன்று வரும் என்றால் நான் இரண்டு மூன்றையே எடுப்பேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மைக்ரோஃபைபர் கண்ணாடிக்கு மட்டும். அது பருத்தி கிடையாது, பாலியெஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்த நுண்ணிழை. கண்ணாடி டம்ளர், பீங்கான் கிண்ணத்தில் ஒரு கோடு இல்லாமல் துடைத்துத் தரும், அதில் அதற்கு இணை லினன் துணிதான், லினன் விலையைக் கேட்டால் கண்ணாடி டம்ளரை விட்டுவிட்டு எவர்சில்வருக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். மைக்ரோஃபைபரைச் சூடான தோசைக்கல் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் அந்தப் பஞ்சையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு வந்து கண்ணாடியில் அப்பும், தனியாகத்தான் துவைக்க வேண்டும். இத்தனை உபசாரம் எனக்குக் கட்டுப்படி ஆகாது, ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், விருந்தாளி வந்தால் வெளியே வரும்.

சரி, ஈரிழைக்கு வருவோம். இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்வதால் நெருக்கமும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் நடுவாக நிற்கும் துணி இது. ஒளிக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே பொடிப் பொடியாக வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் ஏறுகிறது, அதே இடைவெளியில்தான் காற்றும் போய்ச் சீக்கிரம் காயவைக்கிறது. தட்டையான நெசவு என்பதால் எதிலும் மாட்டாது. மெல்லிசு என்பதால் டம்ளருக்குள் துணியையும் இரண்டு விரலையும் விட்டு அடிவரை ஒரு சுற்று சுற்றி எடுக்க முடியும், இதைத் தேங்காய்ப்பூத் துண்டில் செய்து பாருங்கள், பாதி டம்ளரிலேயே இறுகி நின்றுவிடும். இட்லித் தட்டுக் குழி, டிபன் பாக்ஸ் மூடியின் உள்விளிம்பு, குக்கர் மூடியில் கேஸ்கட் உட்காரும் பள்ளம் இங்கெல்லாம் துணி நுழைந்து வர வேண்டும், மொத்தமான துண்டுக்கு அந்த வேலை வராது.

ஒரு எச்சரிக்கை, புதுத் துண்டு முதல் நாளே தண்ணீரை உறிஞ்சாது. நெய்யும்போது பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க கஞ்சி ஏற்றியிருப்பார்கள், பருத்திக்கே இயற்கையாக ஒரு மெழுகு உண்டு, வெளுக்காத காடாத் துணி என்றால் அது அப்படியே இருக்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் அலசி, இரண்டு மூன்று துவையல் போன பிறகுதான் துணி வழிக்கு வரும். பத்து வருடம் துவைத்த தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி ஏன் அவ்வளவு அருமையாகத் துடைக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம், கஞ்சி, மெழுகு, உதிர வேண்டிய பஞ்சு எல்லாமே போய்ச் சுத்தமான நூல் மட்டும் மிச்சம். வீட்டில் அப்படி ஒரு வேட்டி இருந்தால் நான் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு அதைக் கிழியுங்கள். பாலியெஸ்டர் கலந்த வேட்டியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கலப்படம் தெரிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, ஊதினால் பறக்கிற சாம்பல். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு நுனியில் கறுப்பாகக் கெட்டி உருண்டை நிற்கும். இதைக் கடையில் செய்ய முடியாது, வீட்டுக்கு வந்துதான். கடையில் செய்யக்கூடியது, துணியின் மூலையில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பது. கஞ்சி போட்ட துணி உடனே இழுக்காது என்றாலும் மெல்ல மெல்லப் பரவும், அச்சுப் பசை ஏறிய துணியில் முத்தாக உருண்டு நிற்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆன்லைனில் ஜி.எஸ்.எம். அதிகம் என்று பெருமையாகப் போடுவார்கள், அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான், அதை வைத்து உறிஞ்சும் திறனை முடிவு செய்யாதீர்கள்.

இப்போது எண்ணிக்கை. கனமாக இரண்டு வைத்திருப்பதைவிட மெல்லியதாக ஆறேழு வைத்திருப்பது மேல், இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் புழங்கிய 100 சமையலறைத் துண்டுகளைச் சோதித்து 2018இல் முடிவைச் சொன்னார்கள், 49இல் பாக்டீரியா வளர்ந்தது. ஈரமாகவே கிடந்த துண்டு, கை துடைக்க, மேடை துடைக்க, பாத்திரம் துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே துண்டு, இந்த இரண்டு வகையிலும்தான் ஈ.கோலை (E. coli) என்ற பாக்டீரியா அதிகம் இருந்தது. நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கும் பிடிதுணியும் அதுவே, கரித்துணியும் அதுவே, அவசரத்துக்குக் குழந்தை வாய் துடைப்பதும் அதுவே. பாத்திரத்துக்கு என்று ஒரு நிறம் ஒதுக்கி, வெள்ளை என்றால் பாத்திரம், கோடு போட்டது என்றால் கை என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டால் பாதி பிரச்சினை தீரும். மாமியாரும் வேலைக்கு வரும் அக்காவும் அந்த நிறத்தை மதிப்பார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதற்கு என்னிடம் யோசனை இல்லை. தினமும் ஒரு துண்டு துவைக்கப் போக வேண்டும், அதற்குத்தான் ஆறேழு.

துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் போடவே கூடாது. மெத்தென்று ஆக்குவது அதிலிருக்கும் கொழுப்பு போன்ற பொருள்தான், அது நூல் மேல் படிந்து தண்ணீரைத் தடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் சலவைச் சோடா போட்டு ஒரு கொதி. சாம்பார், மஞ்சள் கறைக்கு ப்ளீச் தேடாதீர்கள், துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும்.

எங்கே வாங்குவது? ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் ஜவுளிச் சந்தையில் திங்கள் இரவிலிருந்து செவ்வாய் வரை அள்ளலாம். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் போனால் இன்னும் லாபம். 'கிச்சன் டவல்' என்று கேட்காதீர்கள், குளிக்கிற ஈரிழைத் துண்டு என்றே கேளுங்கள். 30க்கு 60 அங்குலத் துண்டு என்றால் குறுக்கே மூன்றாக வெட்டினால் 20க்கு 30 வரும், பாத்திரம் துடைக்கக் கைக்கு அடக்கமான அளவு அதுதான். ஆனால் வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்க வேண்டியது முதலில் சுருங்கட்டும். அப்புறம் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து வெட்டிய ஓரத்தை இரட்டையாக மடித்து அடிக்கச் சொல்லுங்கள், ஒற்றை மடிப்பு என்றால் நாலு துவையலில் நூல் பிரிந்து வரும். ஒரு மூலையில் மாட்டுவதற்கு நாடா வைத்துத் தைக்கச் சொன்னால் அதையும் செய்து கொடுப்பார்.