மேட் கிளேஸ்: மாக்கல்லா, சுண்ணாம்பா?

காரைக்குடியில் பாத்திரம் சுடச் சின்னதாக ஒரு மின்சூளை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "பளபளன்னு வேண்டாம், ஆத்தங்குடித் தளம் மாதிரி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்." ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை. கண்ணாடிமேல் சாயமும் சிமெண்டும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. அந்த வழவழப்பு அடியிலிருந்த கண்ணாடி கொடுத்தது. நமக்கோ கோன் 6-இல் (சூளைச் சூட்டைக் காட்டும் கூம்பின் எண் அது), 1220 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகுகிற கிளேஸே, அதாவது பாத்திரத்தின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சே, அப்படி மங்கி நிற்க வேண்டும். அதுதான் மேட்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பளபளக்கும் கிளேஸையே எடுத்து இரண்டு கோன் குறைத்துச் சுட்டால் பார்க்க அழகான மேட் வந்துவிடும். முதல் வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துவைத்து மறந்துபோய்விட்டேன். காலையில் பார்த்தால் மூடி இருந்த இடத்தில் வெளுத்த வட்டம், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அது மேட் இல்லை, அரைவேக்காடு. ஒரு கோன் ஏற்றிச் சுட்டுப் பளபளத்துவிட்டால் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சீனாக்களிமண்ணை அள்ளிப்போட்டு அலுமினாவை ஏற்றுவது இன்னொரு வழி. 1912-இல் ஸ்டல் என்ற அமெரிக்கர் பீங்கான் கிளேஸ்களை வரிசையாகச் சுட்டு ஒரு வரைபடம் போட்டார். அலுமினா ஒரு மூலக்கூறுக்கு, கண்ணாடியாகும் சிலிகா ஐந்து மூலக்கூறுக்குக் கீழே இறங்கினால் மேட், ஏழெட்டு என்றால் பளபளப்பு. அவர் சுட்டது இன்னும் சூடான கோன் 11-இல். குறைந்த சூட்டில் உருகவைக்க நாம் போரான் சேர்ப்பதால் எல்லைக்கோடு கொஞ்சம் நகரும், திசை மாறாது. ஆனால் அலுமினாவை மட்டும் நம்பினால் தோல் சொரசொரப்பாகிவிடும், கரண்டி பட்ட இடமெல்லாம் சாம்பல் கோடு விழும். பூச்சாடிக்குச் சரி. பேரியம் மேட்டில் செம்பு தரும் நீலம் அழகுதான். ஆனால் பேரியம் கார்பனேட் விஷம், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நான் தொடுவதில்லை.

ஆக, நிஜமான போட்டி சுண்ணாம்பு, மக்னீசியம் என்ற இரண்டு பேருக்குள்தான்.

சுண்ணாம்பு மேட் நிறத்தில் ஜெயிக்கும். இரும்பு அதில் தேன் மஞ்சளாக வரும், கோபால்ட் கலப்பில்லாத நீலமாக வரும். சிக்கல் ஆறுவதில் இருக்கிறது. உருகிய கிளேஸ் ஆறும்போது கால்சியமும் அலுமினாவும் சிலிகாவும் சேர்ந்து நுண்ணிய படிகங்களாக வளர வேண்டும். ஒளியைச் சிதறடிப்பவை அவைதான். வளர நேரம் கொடுக்க வேண்டும். என் சூளை சின்னது, நிறுத்தியதும் சூடு மளமளவென்று இறங்கிவிடும். அதனால் 1100-இலிருந்து 900 வரை மணிக்கு 60 டிகிரி என்று கட்டுப்படுத்தி இறக்குவேன். ஒருமுறை பன்னிரண்டு தட்டு உள்ளே, 1050-இல் கரண்ட் போய்விட்டது. வந்தபோது சூடு எங்கேயோ போயிருந்தது. மேல்தட்டில் இருந்தவை ஈரமாக இருப்பதுபோல் மினுங்கின, நடுவில் இருந்தவை மேட். ஒரே வாளி கிளேஸ் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மக்னீசிய மேட் அவ்வளவு முறைக்காது. டால்க், டோலமைட் என்ற மக்னீசியக் கற்பொடிகள்தான் அதன் வேர். மக்னீசியம் கூடினால் உருகிய கிளேஸ் கூழ்போல் கெட்டியாகி, சமமாகப் பரவாமல் கண்ணுக்குத் தெரியாத அலையோடு உறைந்துவிடும். ஆறும் வேகம் இதையும் கொஞ்சம் பாதிக்கும், ஆனால் சுண்ணாம்பு அளவுக்கு இல்லை. கடைக்கு வந்த ஆச்சி ஒருவர் கிண்ணத்தை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பை இரண்டு சுற்று தடவிவிட்டு, "கல்சட்டி மாதிரில்ல இருக்கு தம்பி!" என்றார். அவர் வாயில் வந்தது வெறும் உவமை இல்லை. கல்சட்டி குடைகிற மாக்கல்லில் இருப்பது பெரும்பாலும் இதே டால்க்தான்.

இதிலும் தொந்தரவு உண்டு. கெட்டிக்கூழில் குமிழி வெடித்த குழி மூடிக்கொள்ளாது, ஊசித்துளை நிற்கும். டோலமைட் சூட்டில் கரியமில வாயுவை விடும் என்பதால் அதைக் குறைத்து டால்க்கைக் கூட்டினேன், உச்சச் சூட்டில் இருபது நிமிஷம் நிறுத்தினேன், துளை பெருமளவு போனது. சேலத்து மேக்னசைட் பக்கத்தில்தானே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். எடையில் பாதிக்குமேல் வாயுவாகவே போய்விடும், விட்டுவிட்டேன். போரான் ஃபிரிட்டையும் (போரான் சேர்த்துக் கண்ணாடியாக உருக்கி அரைத்த தூள்) கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிறுக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று கூடினாலே என் கலவை மினுங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் நிறம்: கோபால்ட் இதில் நீலமாக வராது, கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடிவிடும், இரும்பு அழுக்குப் பழுப்பு. ஆனால் மக்னீசியம் சூட்டில் குறைவாகவே விரிவதால் மயிர்க்கீறல் அரிது. கொதிக்கிற ரசம் ஊற்றும் பாத்திரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால் கிண்ணம், டம்ளர், தட்டுக்கு மக்னீசியம். சுவர் ஓடு, விளக்கு, ஜாடிக்குச் சுண்ணாம்பு, அதுவும் கரண்ட் போகாத நாளாகப் பார்த்து. எதுவானாலும் எலுமிச்சை மூடியை ஓர் இரவு கவிழ்த்துப் பார்க்காமல் விற்பதில்லை. குழம்புக் கிண்ணத்தின் உட்புறம் மட்டும் இன்றுவரை பளபளப்பு கிளேஸ்தான். நண்டு மசாலா மஞ்சளை எந்த மேட்டிலிருந்தும் முழுதாகக் கழுவி எடுக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.