ரிச்சி தெரு மாடிக்கடை: ராம் ஸ்லாட் போச்சு என்றார்கள், போகவில்லை

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். 2020-இல் தம்பியும் நானும் வீட்டிலேயே பொருத்திய கம்ப்யூட்டரில்தான் எல்லா வேலையும். ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ராம் (மெமரி). போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைப் பிரித்துத் தூசி தட்டி, பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவி, மறுபடி பூட்டினேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. போர்டின் ஓரத்தில் 'டிராம்', அதாவது ராம், என்று எழுதிய குட்டி விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் மூன்று டெலிவரிக்குக் காத்திருந்தன. அன்று இரவு தூங்கவே இல்லை.

ராமை ரப்பரால் தேய்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ராம் செருகும் நான்கு ஸ்லாட்டுகளில் பி1, பி2-வில் எந்த ராமைச் செருகினாலும் கம்ப்யூட்டர் எழுகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் உறைந்துவிடுகிறது. ஏ1, ஏ2-வில் எதைச் செருகினாலும் எழுவதே இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ராம்தான் கெட்டது என்று புது எட்டு ஜிபி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். 1,900 ரூபாய். அதுவும் அதே கதைதான். இன்னொரு கடையில் கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை. "ஸ்லாட் போச்சு, போர்டை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் ஆலந்தூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கேபினட்டைச் சுமந்துகொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். நான் எழுதுவது அங்கே ஒரு மாடியில் இருக்கும் சிறிய கடையைப் பற்றி. பலகையில் 'மதர்போர்டு சர்வீஸ்' என்று மட்டும் இருக்கிறது, கடைக்குத் தனிப் பெயர் இல்லை. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணன், ஒரு மேசை, வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி.

நான் ஸ்லாட் கதையை ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எதைம்மா கழட்டினீங்க?"

கூலரை என்றேன். "தூக்கும்போது பிராசசரும் கூடவே வந்துச்சா?"

வந்தது. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி இழுத்தபோது பேஸ்ட் காய்ந்துபோய் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு 'டப்'பென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. பிரித்தெடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். அதற்கு முன் போன இரண்டு கடைகளிலும் இதை யாரும் கேட்கவில்லை. ராமுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சம்பந்தம் நேரடியானது என்று விளக்கினார். மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒரு காலத்தில் போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-லேயே அதைப் பிராசசருக்குள் கொண்டுபோய்விட்டது. என் பிராசசர் ஏஎம்4 வகை, அடியில் 1,331 ஊசிகள். ஏ சேனலுக்கு, அதாவது ஏ1, ஏ2 ஸ்லாட்டுகளுக்கு, போகும் ஊசி ஒன்று வளைந்தாலும் அந்தப் பக்கத்து இரண்டு ஸ்லாட்டும் செத்ததுபோலத்தான் தெரியும்.

பிராசசரைக் கழற்றி, கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, நாற்று வரிசை பார்ப்பதுபோல ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு ஊசிகள் சாய்ந்திருந்தன. ஒன்று பக்கத்து ஊசியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடி வழியாக எனக்கும் காட்டினார். லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் முனையை ஊசியின்மேல் மாட்டி, மயிரிழை அளவு தள்ளி, எடுத்துப் பார்த்து, மறுபடி தள்ளினார். ஏழெட்டுத் தடவை இருக்கும். ஒரே தள்ளில் நிமிர்த்தினால் முறிந்துவிடுமாம். பிறகு சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கிவிட்டுப் பிராசசரை மேலே வைத்தார். "தானா உள்ள விழணும்மா, அழுத்தவே கூடாது." விழுந்தது.

ஏ2-வில் ஒரு ராம். டிராம் விளக்கு எரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில விநாடிகளில் அணைந்து, திரையில் எழுத்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு அவர் அனுப்பிவிடவில்லை. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில், அதாவது ஏ2, பி2-வில், இரண்டு ராமையும் செருகி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு சுற்று முழுக்க ஓடவிட்டார். எனக்குக் கீழே டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த முறை கூலரைக் கழற்றும்முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிவிட்டுத் தூக்கச் சொன்னார்.

கூலி 700 ரூபாய். புது போர்டு விற்றிருந்தால் அவருக்கு இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். ஒரு வார்த்தைகூட அந்தப் பக்கம் பேசவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குறையும் உண்டு. ரசீது கேட்டால்தான் தருகிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை, வேலையில் மூழ்கிவிடுகிறார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், எனக்கு முன் வந்தவர் அதில் இருந்தார். மூன்று மணி நேரம் ஆனது.

போகிறவர்கள் என்னைப்போல முழு கேபினட்டையும் சுமக்க வேண்டாம். போர்டு, பிராசசர், கூலர், ராம் போதும். பவர் சப்ளையும் கிராஃபிக்ஸ் கார்டும் அவர் மேசையிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.