மல்லிகைத் தேயிலையில் பூவைக் கண்டு ஏமாறாதீர்கள்

டிகிரி காப்பி ஊரில் இருந்துகொண்டு தேநீருக்கு ஆசைப்பட்டேன், எனக்கு இது வேண்டும்தான். கும்பகோணத்தில் கோயிலை ஒட்டிய கடைவீதியில் ஒரு கடை. "பூவிலேயே ஊறிய தேயிலை அம்மா, உள்ளே பூவைப் பாருங்கள்" என்று கடைக்காரர் கண்ணாடிப் புட்டியை ஆட்டிக் காட்டினார். 100 கிராம் பொட்டலம் 480 ரூபாய். வாங்கிவிட்டேன்.

வீட்டில் பிரித்ததும் கூடத்திலிருந்து மாமியார், "யார் தலையில் இவ்வளவு பூ?" என்று கேட்டார். வெந்நீர் ஊற்றினேன். முதல் ஆவியோடு மணம் அத்தனையும் போயிற்று. நாக்கில் மிஞ்சியது ஊதுபத்தியை நக்கியதுபோல் ஒரு கசப்பு. அதே இலையில் மறுமுறை ஊற்றியபோது வெறும் சாயத்தண்ணீர்தான் வந்தது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மல்லிகைத் தேயிலைக்குப் பேர்போனது சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலுள்ள ஃபூசோ. வசந்தத்தில் பறித்த தேயிலையைப் பதப்படுத்தி, மல்லிகை பூக்கும் கோடை வரை வைத்திருப்பார்கள். பூ வேறெதுவும் இல்லை, நம் கொல்லையில் பூக்கும் அதே குண்டுமல்லி. பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் அது மலரும்போது தேயிலையோடு கலந்து வைப்பார்கள். எதன் வாசனையையும் இழுத்துக்கொள்வது தேயிலையின் குணம். (மளிகை அலமாரியில் பெருங்காயத்தின் பக்கத்தில் வைத்தவர்களுக்குத் தெரியும்.) மணத்தோடு பூவின் ஈரத்தையும் அது குடித்துவிடுவதால், காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு மறுபடி உலர்த்த வேண்டும். நல்ல ரகத்துக்குப் புதுப் பூ போட்டு இதையே பல இரவுகள் செய்வார்கள். பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்போமே, இங்கே பூ போன பிறகும் நார் மணக்க வேண்டும். மணத்தைக் கொடுத்துவிட்ட பூ வெறும் சக்கை. அழகுக்காக நாலு இதழை விட்டுவைப்பவர்களும் உண்டு. ஆனால் அதைக் காட்டி விலை கேட்டால் நம்பாதீர்கள்.

மணமூட்டுவதே குற்றம் என்று சொல்லவில்லை. ஏர்ல் கிரே தேநீரின் மணமே பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெயிலிருந்து வருகிறது. அதை அப்படியே சொல்லி விற்கிறார்கள். என் பொட்டலத்தில் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிய பிறகே 'செயற்கை மணமூட்டி சேர்க்கப்பட்டது' என்ற வரி தெரிந்தது. அந்தச் சீட்டு அங்கே தற்செயலாக ஒட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "பூ இருக்கிறதே அம்மா, அப்புறம் என்ன? பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்." மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தபோது பில்லைத் தேடினேன். கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டுதான் பையில் இருந்தது. நீங்களாவது அச்சடித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள், விலைச்சீட்டுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கடையிலேயே பாருங்கள்.

மீதித் தேயிலை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே மட்டும் மணம் இன்னும் போகவில்லை.