ஆமால் பிரீமியர் 930: லெனேசியாவில் எட்டு மாதம் ஓட்டிய பிறகு

அப்பாவின் 1969 ட்ரையம்ஃப் டிரோஃபி மோட்டார் சைக்கிள், தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனில் ஓடிய வண்டி. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் மெதுவாக ஓடும் நிலையில்) நிற்கவே இல்லை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும்.

அதனால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை மாற்றி, ஆமால் பிரீமியர் 930 மாட்டினேன். புது கார்புரேட்டர் வாங்குமுன் பழையதன் மேலிருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். ஆமால் நிறுவனத்தின் கான்சென்ட்ரிக் வகையில் அது பக்கவாட்டில் பொறித்திருக்கும். 9-இல் தொடங்கினால் பெரிய பாடி, 6-இல் தொடங்கினால் சிறியது. அடுத்த இரண்டு இலக்கம் காற்று போகும் துளையின் அளவு, மில்லிமீட்டரில். எங்களுக்கு வேண்டியது 930. அழுக்குப் போனதும் தெரிந்தது 928! முன்னால் யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பாடி ஒன்றுபோல் இருப்பதால் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. "இழுவையே போயிடுச்சுடா" என்று அப்பா வருடக்கணக்கில் சொன்னது சும்மா இல்லை.

பழைய பாடியும், அதனுள் ஏறி இறங்கிக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடும் துத்தநாகக் கலவை. ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, இடுக்கில் காற்று புகும். ஐடில் ஏறி இறங்கும். பிரீமியரில் ஸ்லைடு ஹார்ட் அனோடைஸ் செய்த, அதாவது மேற்பரப்பைக் கடினமாக்கிய அலுமினியம். எட்டு மாதத்தில் ஆட்டமே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி பைலட் ஜெட், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை. பழையதில் அது உள்ளே அடித்து இறுக்கிய சிறு குழல் (புஷ்). அடைத்தால் மெல்லிய கம்பியைக் குருட்டாம்போக்கில் விட்டுக் குத்த வேண்டும். இதில் திருகிக் கழற்றி, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து மாட்டிவிடலாம். சுங்கவரியும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும். இருந்தாலும் இன்னொரு முறையும் இதையேதான் வாங்குவேன்.

மாட்டும்போது நட்டை வெறிகொண்டு இறுக்காதீர்கள். என்ஜினோடு சேரும் தட்டை விளிம்பான ஃபிளாஞ்ச் வளைந்தால் அங்கேயும் காற்று இழுக்கும்.

மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். காற்று மெலிவு; டர்பனுக்குப் பொருந்தும் ஜெட் இங்கே பெட்ரோலை அதிகம் கொட்டும். பெட்ரோலைக் குறைக்க, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி நீடிலை இறக்கினேன். முழு வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை 230-இலிருந்து அதைவிடச் சிறிய 210 ஆக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது பிளக் காப்பித்தூள் நிறம். அப்பாவின் இரண்டாவது உதையில் வண்டி எழுந்துவிடுகிறது.

தைப்பூசத்துக்கு டர்பன் இறங்குகிறோம். 230 ஜெட்டைத் துணியில் சுற்றி டூல் பையில் வைத்தாயிற்று. அடர்ந்த கடற்கரைக் காற்றில் 210-ஓடு விரட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறும். ஊர் எல்லைக்கு முன்பே நிறுத்தி மாற்றிவிடுவேன்.