வண்ணார்பேட்டையில் ரத்தம் கொடுத்து மைட்டோகாண்ட்ரியா நோயைக் கண்டறிதல்: ஒரு மரபணுப் பரிசோதனைச் சேவையைப் பற்றி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தனியார் மரபணு ஆய்வகம் ஒன்றின் மாதிரி சேகரிப்பு மையம் இயங்கி வருகிறது. மாதிரியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு பெங்களூரில் நடக்கிறது. மரபியல் ஆலோசனை காணொளி அழைப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. என் தங்கை மகளுக்காக இந்தச் சேவையைப் பயன்படுத்தினோம். இதே வகைச் சேவையைப் பல ஆய்வகங்கள் தருவதால், நிறுவனத்தின் பெயரைவிட எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே நம் பகுதிக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

பிள்ளைக்கு முதலில் தலைவலியும் வாந்தியும் வந்தன. பின்னர் வலிப்பு வந்து, ஒரு பக்கப் பார்வை மங்கியது. எம்.ஆர்.ஐ. படத்தில் பக்கவாதம் போன்ற பாதிப்பு தெரிந்தாலும் அது எந்த ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை; ரத்தத்தில் லாக்டேட் (உயிரணுக்களில் ஆற்றல் சரியாக உருவாகாதபோது சேரும் பொருள்) அளவும் கூடியிருந்தது. பாளையங்கோட்டையில் பார்த்த நரம்பியல் மருத்துவர், தங்கைக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும், எங்கள் அம்மாவுக்கு நடுவயதிலேயே காது கேளாமல் போனதையும் விசாரித்து அறிந்த பிறகு, மெலாஸ் என்னும் மைட்டோகாண்ட்ரியா நோயாக இருக்கலாம் என்றார். உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா.

இதற்கு முன்பே வேறொரு ஆய்வகத்தில் எக்சோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளைப் படிப்பது) செய்து, ‘குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை’ என்று அறிக்கை வாங்கியிருந்தோம். அந்தப் பரிசோதனை உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுக்களை மட்டுமே படித்தது என்பது விண்ணப்பப் படிவத்தில் எங்கும் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு, 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் கொண்ட சிறிய வளையம் அது. அதைத் தனியாகப் படிக்கச் சொல்லாவிட்டால் பல எக்சோம் பரிசோதனைகளில் அது விடுபட்டுப் போகும். மைட்டோகாண்ட்ரியா நோய்கள் உட்கரு மரபணுக்களாலும் வரும், இந்த வளையத்தில் ஏற்படும் மாற்றத்தாலும் வரும். ஆகவே இரண்டில் எதைப் படித்தார்கள் என்று தெரியாமல் ‘இல்லை’ என்ற விடையை நம்பிவிடக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்ணார்பேட்டை மையத்தின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது இந்த இடத்தில்தான். பழைய அறிக்கையை வாங்கிப் படித்த ஆலோசகர், எக்சோமை மறுபடி செய்ய வேண்டியதில்லை, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் போதும் என்றார். கூடுதல் விலையுள்ள தொகுப்பை எங்கள் தலையில் கட்டியிருக்க முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. மேலும், ரத்தத்தோடு சிறுநீரையும் அனுப்பச் சொன்னார். ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருக்கும்; விதைநெல்லில் பதர் கலந்திருப்பதைப் போல, அவற்றில் ஒரு பங்கு மட்டும் பழுதாகியிருக்கும். அந்தப் பங்கு உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். மெலாஸ் நோயாளிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரிடம் காணப்படும் 3243ஆம் இடத்து மாற்றம், வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். சிறுநீரில் வரும் உயிரணுக்களில் அது தெளிவாகத் தெரியும்.

குறையும் இங்கேதான் இருக்கிறது. ரத்தம் எடுத்தவர் பொறுமையும் கைத்திறனும் உள்ளவர். பிள்ளை முகம் சுளிக்கவில்லை. ஆனால் சிறுநீர் மாதிரிக்கான குப்பி மையத்தில் இல்லை. அதை எப்போது எடுப்பது, எப்படிக் குளிரில் வைத்து அனுப்புவது என்பதும் அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து குப்பி வரும்வரை காத்திருந்தோம். வலிப்பு வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து மறுபடியும் பேருந்து ஏறி வருவது எளிதல்ல. அறிக்கையும் சொன்ன கெடுவைத் தாண்டியே வந்தது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் விடை முதல் பக்கத்திலேயே இருந்தது: 3243ஆம் இடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’. ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், சிறுநீரில் அதன் இரு மடங்கும் பழுதானவை. இந்த விகிதத்தை மட்டும் வைத்து நோய் எவ்வளவு கடுமையாகும் என்று கணிக்க முடியாது என்பதை ஆலோசகர் அழுத்திச் சொன்னார். பின்னர் எங்கள் அம்மாவின் மாதிரியையும் அனுப்பினோம். ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே தெரிந்த மாற்றம் சிறுநீரில் ஐயமின்றித் தெரிந்தது.

இந்தச் சேவையில் மிகச் சிறந்தது அந்த ஆலோசனை நேரம். தங்கையை அத்தை மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்த வினை என்று இரு வீட்டாரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆலோசகர் வம்ச வரைபடத்தைத் திரையில் வரைந்து காட்டி விளக்கினார். உட்கரு மரபணுக்களால் வரும் சில வகைகளில், எடுத்துக்காட்டாக சர்ஃப்1 என்னும் மரபணுவின் பழுதால் வந்து மூளையைப் பாதிக்கும் லீ நோய்க்குறியில், நெருங்கிய உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் 3243 மாற்றம் தாய்வழியாக மட்டுமே வருவது, யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும் என்றார். உடனே பழி தங்கையின் மீது திரும்பக் கூடும் என்பதை உணர்ந்து, அவளுடைய மாமியாரும் கேட்கும்படி, “இது நீங்க செஞ்ச தப்பு இல்லக்கா, உங்க அம்மா செஞ்ச தப்பும் இல்ல” என்றார். எந்த அறிக்கையும் தராத ஆறுதலை அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக்குத் தந்தது.

அதே தாய்க்குப் பிறந்த எனக்கும் இம்மாற்றம் இருக்கலாம். ஆனால் நான் ஆண் என்பதால் என் பிள்ளைகளுக்குப் போகாது. என் சின்னத் தங்கைக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம். நோய்க்குறி எதுவும் இல்லாத சிறுவனான மருமகனுக்கு இப்போது பரிசோதனை வேண்டாம், அவன் வளர்ந்தபின் தானே முடிவெடுக்கட்டும் என்று ஆலோசகர் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லாதபோது இவ்வளவு செலவு எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். வலிப்புக்குக் கொடுத்துவந்த வால்புரோயேட் மைட்டோகாண்ட்ரியா நோயில் கல்லீரலைப் பாதிக்கக் கூடும் என்பதால் மருத்துவர் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். லாக்டேட்டைக் கூட்டக் கூடிய மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மருந்தைத் தங்கைக்கும் மாற்றினார்கள். இருவருக்கும் இதயத்தையும் காதையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றுக்காகவே இந்தச் செலவு தகும்.

மருத்துவரின் பரிந்துரை இல்லாமல், வெறும் களைப்புக்காகவோ பயத்துக்காகவோ இந்த மையத்துக்குப் போக வேண்டாம். போகிறவர்கள் அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இன்று பொருள் விளங்காத ஒரு மாற்றத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து விளக்கம் கிடைக்கக் கூடும். அப்போது பழைய தரவையே மறுபடி ஆராயலாம். எங்களுக்கு இணைய இணைப்பாக அனுப்பினார்கள். அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே திறக்கும் என்பதால் உடனே தரவிறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வைத்திருக்கிறோம்.