ரிங்கில் கற்றது ரோட்டில் எவ்வளவு நிற்கும்?

களியக்காவிளையில் மூன்றுக்கும் வழி இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்குள் மண் தரையில் நம் பழைய சண்டைக்கலையான அடிமுறை சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஒருவர். கடைத்தெரு மாடியில் நாங்கள் நடத்தும் குத்துச்சண்டைக் கூடம். கேரள எல்லை தாண்டி பாறசாலைப் பக்கம் போனால், மேட் விரித்து மல்யுத்தம், தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு எல்லாம் சேர்த்துக் கற்றுத்தரும் எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டை) ஜிம். பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா மகன் கேட்டான்: "மாமா, ரோட்டுல ஒருத்தன் கைய ஓங்குனா இதுல எது நிக்கும்?"

பதினாறு வருடமாகக் கிளவுஸ் மாட்டுகிறவன் நான். பாக்சிங் என்று உடனே சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பையன் நம்பிக் கேட்கிறான், பாதி உண்மை சொல்லி அனுப்பக் கூடாது.

பாக்சிங்கின் பலம் குத்தின் வேகத்தில் இருப்பதாக வெளியே நினைக்கிறார்கள். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வரும் பையன் மூன்று மாதம் ஸ்கிப்பிங், பேட், பஞ்சிங் பேக் என்று அழகாக ஆடுவான். முதல் ஸ்பாரிங்கில் (எதிராளியோடு பயிற்சி ஆட்டம்) மூக்கில் ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்குத்து) விழும். கண் தானாக மூடிக்கொள்ளும், முகம் ஒரு பக்கம் திரும்பும், இரண்டு கையும் முன்னால் நீண்டு காற்றைத் துழாவும். வலியைவிட அதிர்ச்சிதான் அவனை நிறுத்துகிறது. ஆறு மாதம் விடாமல் ஸ்பாரிங் செய்தபின் அதே பையன் கண்ணைத் திறந்தபடி, வரும் குத்தைப் பார்த்து, தலையை நாலு விரற்கடை மட்டும் நகர்த்துவான். தெருவில் கைகொடுப்பது இந்தப் பழக்கம். குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவன் பெரும்பாலும் கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த்தான் வீசுவான். அது சுற்றி வருவதற்குள் நேராகப் போகும் ஜாப் சேர்ந்துவிடும். தலைக்கு வரும் அடியோடு இவ்வளவு மணி நேரம் பழகுவது இந்த மூன்றில் பாக்சிங்கில்தான்.

சரி, கை? ரிங்கில் மணிக்கட்டைச் சுற்றி நாலரை மீட்டர் துணி, அதற்கு மேல் பத்து அவுன்ஸ் கிளவுஸ், அதாவது 280 கிராமுக்கு மேல். அந்தப் பாதுகாப்பை நம்பித்தான் பாக்சர் தலையைக் குறிவைக்கப் பழகுகிறான். வெறுங்கையில் அதே குத்து நெற்றியில் பட்டால் உடைவது கைதான். 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மிட்ச் கிரீன் என்ற பழைய எதிராளியோடு தெருவில் மோதினார் மைக் டைசன். கிரீனின் கண் வீங்கி மூடிக்கொண்டது, டைசனின் வலது கை எலும்பு முறிந்தது. அப்போது அவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன். எனக்கும் அதே கதைதான், இருபத்து மூன்று வயதில், பஸ் ஸ்டாண்டில். பக்கவாட்டில் வீசிய என் ஹுக்கைப் பார்த்து எதிரில் நின்றவன் தலையைக் குனிந்துவிட்டான். சுண்டுவிரல் முட்டி உள்ளே போய்விட்டது. அந்த இடத்து முறிவுக்கே பாக்சர்ஸ் ஃப்ராக்சர் என்றுதான் பெயர் என்று டாக்டர் சொன்னார். இன்றும் அந்தக் கையை மூடினால் நான்காவது முட்டி தெரியாது.

இங்கே அடிமுறை ஒரு படி மேலே நிற்கிறது. உள்ளங்கை, முன்கை, முழங்கை எல்லாம் அதில் ஆயுதம். வெறுங்கைக்கென்றே யோசித்த முறை. காலும் அப்படித்தான். பாக்சர் ஷூ போட்டு கேன்வாஸில் முன்பாதத்தில் நிற்கிறான். அடிமுறைப் பையன் வெறுங்காலில் மண்ணில் தாழ்ந்து சுவடு (காலடி நிலை) வைத்துப் பழகியவன். ஆனி, ஆடி மழையில் நம் ரோட்டோரச் செம்மண் எப்படி வழுக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் நான் பார்த்த களரிகளில் எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது இருவருக்கும் தெரியும். வர்மப் புள்ளியை நின்று காட்டும்போது தொடலாம். உதறிக்கொண்டு பாய்கிறவன் மேல் அந்த இடத்தைத் தேடுவது வேறு வேலை. ஆசான்மேல் எனக்கு மரியாதை உண்டு, இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இனி பாக்சிங்கின் பெரிய ஓட்டை. பிடித்துக்கொண்டால் ரிங்கில் ரெஃப்ரி பிரித்துவிடுவார். வெளியே பிரிக்க ஆள் கிடையாது. 1993-ல் டென்வரில் நடந்த, யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. தொடரின் முதல் போட்டியில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்சர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டி இறங்கினார். ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேஸி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார், ஜிம்மர்சன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2010-ல் அதே யு.எஃப்.சி.யில் பாக்சர் ஜேம்ஸ் டோனி. மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வாங்கியவர், தோளை உருட்டிக் குத்தைத் தப்பிப்பதில் மன்னர். மல்யுத்தத்திலிருந்து வந்த ரேண்டி கூட்டூர் குனிந்து அவர் காலைப் பிடித்து இழுத்தார், முதல் ரவுண்டிலேயே கழுத்து நெரிபட்டு முடிந்தது. இன்னும் முன்னால், 1976-ல் டோக்கியோவில் ஜப்பானிய மல்யுத்த வீரர் இனோக்கி தரையில் படுத்துக்கொண்டு முகமது அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். பதினைந்து ரவுண்டில் அலி விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆட்டம் டிரா, அலி காலில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். பாக்சர் முன்காலை நீட்டி நிற்கும் நிற்பே உதைப்பவனுக்கும் பிடிப்பவனுக்கும் வசதி.

மறுபக்கமும் உண்டு. 2009-ல் யு.எஃப்.சி. முன்னாள் சாம்பியன் டிம் சில்வியா, 48 வயது பாக்சர் ரே மெர்சரோடு நின்றபடியே மோதப் பார்த்தார். ஒன்பது வினாடியில் கீழே கிடந்தார். ஆக, பிடிபடாதவரை பாக்சரிடம் நெருங்குவது ஆபத்து. எம்.எம்.ஏ.யில் இன்னொரு சின்ன விஷயம் கார்டு, அதாவது முகத்தைக் காக்கக் கையை வைக்கும் நிலை. பெரிய கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துப் பழகியவனுக்கு நாலு அவுன்ஸ் கிளவுஸில் இடைவெளி வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும்.

அப்படியானால் எம்.எம்.ஏ.தான் என்று முடிக்கலாமா? ஒருவனோடு ஒருவன், தரையில் மேட் என்றால் ஆமாம். தெருவில் தரை என்பது தார், ஜல்லி, உடைந்த பாட்டில். ஒருவன் கையை முறுக்கிக் கீழே கிடக்கும்போது அவன் கூட்டாளி தலையில் மிதித்தால் என்ன செய்வது? அங்கே நின்றபடி நகரும் பாக்சருக்குத்தான் வழி கிடைக்கும். கத்தி வந்தால் மூன்றும் ஒன்றுதான், ஓட வேண்டும்.

பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு நன்மை உண்டு, அதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். கல்யாண வீட்டில் சித்தப்பா குடித்துவிட்டுக் கையை வீசினால் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து உட்கார வைத்துவிடுவான். பாக்சருக்குக் குத்துவதா விலகுவதா, இரண்டே வழி. குத்தினால் ஒரு பல் உடைந்தாலும் சட்டப்படி அது கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 117(2) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. தற்காப்பு என்று நிரூபிக்கலாம், ஆனால் அதற்குள் பையனின் பாஸ்போர்ட், வேலை எல்லாம் தொங்கலில் நிற்கும். கல்ஃபுக்குப் போகக் காத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மருமகனிடம் இப்படித்தான் சொன்னேன்: முதல் ஒரு வருடம் எங்கள் கூடத்தில் ஸ்பாரிங், அடி வாங்கிக் கண் திறக்கிற வரை. கூடவே வாரம் இரண்டு நாள் பாறசாலையில் மல்யுத்தம், அதிலும் விழாமல் இருக்க மட்டும். வெறுங்கையில் தலைக்கு உள்ளங்கை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் முஷ்டி. அதை ஆசானிடம் கேட்டு வா. "மூணு இடத்துக்கும் ஃபீஸ் யாரு கெட்டுவா?" என்றாள் அக்கா. பாதி நான் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை பாறசாலைக்கு அவனோடு போய்ப் பார்த்தேன். எண்பது கிலோ பையன் ஒருவன் காலுக்குப் பாய்ந்தான், இவன் மூன்று முறை மல்லாந்து விழுந்தான். நான்காவது முறை இரண்டு காலையும் பின்னால் எறிந்து, இடுப்பை அவன் தோள்மேல் இறக்கி அமுக்கிவிட்டான். அமுக்கியபடியே தலையைத் தூக்கி நான் பார்க்கிறேனா என்று தேடினான்.