1865க்குப் பிந்தைய அமெரிக்க வரலாறு: கிளெப்பா, ஏபியா, கல்லூரி வகுப்பா?

டெக்சாஸில் அரசுக் கல்லூரி எதிலாவது இளநிலைப் பட்டம் வாங்க வேண்டுமானால், என்ஜினியரிங் படித்தாலும் சரி, நர்சிங் படித்தாலும் சரி, 6 கிரெடிட் (கல்லூரிப் பாடத்தை அளக்கும் அலகு) அமெரிக்க வரலாறு சட்டப்படி கட்டாயம். அதில் பாதியை டெக்சாஸ் வரலாறாக எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி 1865இல் உள்நாட்டுப் போர் முடியும் காலம் வரை ஒரு பாடம், அதற்குப் பின் இன்றுவரை இன்னொன்று. இந்த இரண்டாம் பாடத்தை எப்படி முடிப்பது என்பதுதான் இங்குள்ள நம் இந்திய வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி. "சீக்கிரம் எது முடியும்?" என்று மட்டும் கேட்டால் விடை சுலபம். பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சீக்கிரம் முடிவது கிளெப். வகுப்புக்குப் போகாமலேயே கல்லூரிக் கிரெடிட் வாங்க, காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் தேர்வு (CLEP). 90 நிமிடத்தில் சுமார் 120 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. 1865 முதல் 1914 வரையிலான காலத்துக்கு ஏறக்குறைய 30 சதவீதம், அதற்குப் பிந்தையதற்கு 70 சதவீதம். 20 முதல் 80 வரையிலான மதிப்பெண்ணில் 50 எடுத்தால், ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளில் பெரும்பாலும் 3 கிரெடிட் கிடைத்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது பெரிய வரம்; ஒரு பாடத்தின் கட்டணம் மிச்சம். ஆனால் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பல இதை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளெப்பில் என்ன விடுபடுகிறது? ஒரே ஒரு ஆவணத்தை எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணை. மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க வழிவிட்டது இதுதான்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆணையையே எடுத்து வாசித்தவர்களுக்கு மட்டும் தெரிவது வேறொன்று: அதில் 'ஜப்பானியர்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ராணுவத் தளபதி தேவை என்று கருதும் பகுதிகளை வரையறுக்கலாம், அங்கிருந்து 'எவரையும் அல்லது எல்லோரையும்' விலக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே அந்த இனத்தின் மீது மட்டும் பாய்கிற உத்தரவை எழுத முடியும் என்று பதினெட்டு வயதில் ஒருவர் கண்ணால் பார்ப்பது சாதாரண விஷயமல்ல. இந்த வெளியேற்றத்தை எதிர்த்த கோரமட்சு வழக்கில் 1944இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கமே நின்றது. 1988இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் இயற்றியது. இவை ஒன்றோடொன்று கோக்கப்படும்போதுதான் வரலாறாகின்றன. தனித்தனிக் கேள்விகளாக வரும்போது வெறும் ஆண்டுகளாகவே நின்றுவிடுகின்றன.

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வெழுதும் ஏபி (AP) இந்த இடத்தில் மேல். அங்கே ஆவணக் கேள்வி என்று ஒரு பகுதி உண்டு: ஏழு ஆவணங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் வாதம் ஒன்றைக் கட்டி எழுதச் சொல்வார்கள். மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்கே. யார் எழுதியது, யாருக்காக, ஏன் அப்போது என்று கேட்கும் பழக்கம் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. குறை என்னவென்றால், ஏபியின் எல்லை 1491 முதல் இன்றுவரை. மூச்சுவிடாத ஓட்டம். கடைசிக் காலகட்டமான 1980க்குப் பிந்தையதற்குத் தேர்வில் 4 முதல் 6 சதவீதம்தான். 1980களின் அதிபர் ரீகனுக்குப் பிந்தைய அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் காலம் ஒரு பின்குறிப்பாகவே தெரியும்.

எனக்குக் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) வகுப்புதான் பிடித்திருக்கிறது. ஒரு செமஸ்டர் முழுவதும் 1865க்குப் பிந்தைய காலம் மட்டும். புத்தகச் செலவும் இல்லாமல் போகலாம்; ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல் இணையத்தில் இலவசம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் 1930களில் அரசு அமைப்பு ஒன்று வரைந்த நகர வரைபடங்களைத் திரையில் காட்டுவார். பேட்டைகள் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கும்; சிவப்பு என்றால் வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து. ஒவ்வொரு பேட்டைக்கும் நிரப்பிய படிவத்தில் கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை சதவீதம் என்று தனிக் கட்டங்கள். ரிச்மண்ட் பல்கலைக்கழகத் தளத்தில் இவற்றை யாரும் பார்க்கலாம். டாலஸும் ஹூஸ்டனும் உண்டு. தான் தினமும் காரில் கடக்கும் தெருவைச் சிவப்பில் பார்க்கும் மாணவர் அதற்குப் பிறகு புத்தகத்தை வேறு கண்ணோடு திறப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல்தான் அந்தத் தடை நீங்கியது, அப்போதும் புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 இந்தியர் என்ற வரம்பு இருந்தது. 1965 குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த பிறகே நம் டாக்டர்களும் என்ஜினியர்களும் பெருமளவில் வந்து சேர முடிந்தது. இதைத் தெரியாமல் நம் வீட்டுப் பிள்ளை இந்தப் பாடத்தை முடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வகுப்பிலும் கோளாறு உண்டு. பல வகுப்புகள் 1970களின் வாட்டர்கேட் ஊழலைத் தொடுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஸ்லைடைப் படித்துக்காட்டிவிட்டுப் போகும் ஆசிரியரிடம் மாட்டினால் கிளெப்பே மேல். பதிவு செய்யும் முன் பழைய சிலபஸைத் தேடிப் பாருங்கள்: வாராவாரம் மூல ஆவண வாசிப்பு இருக்கிறதா, எழுத்து வேலை எவ்வளவு, கடைசி வாரம் எந்த ஆண்டில் நிற்கிறது.

ஆக, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு பட்டத்தை முடிக்க ஓடுகிறவர் கிளெப் எழுதட்டும். எழுத்தில் ஆர்வமுள்ள, ஏபிக்கு நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் படிக்கிற பிள்ளை ஏபி எடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் வகுப்பைத்தான் சொல்வேன். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தை எடுக்கும் டூயல் கிரெடிட் வழியும் உண்டு, கையைக் கடிக்காது. ஆனால் அதில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக ஏறும். ஏபியில் 5க்கு 2 வந்தால் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் சி வந்தால் பின்னாளில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கூடவே வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளையைச் சேர்க்கும் முன் இதை அவரிடமே சொல்லி, அவர் சம்மதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.